கடைசிவரை அடியாள்

1931 ஏப்ரலில் வெளியான ‘தி பப்ளிக் எனிமி’ படத்தை ஒரு கேங்ஸ்டரின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்றே எல்லோரும் அறிமுகம் செய்கிறார்கள். வீழ்ச்சி இருக்கிறது, ஐயமில்லை. சினிமாவில் அதைப் போன்ற ஒரு வீழ்ச்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் எழுச்சி எங்கே? கதையின் நாயகன் டாம் பவர்ஸ் இந்தப் படத்தின் எந்த இடத்திலும் தலைவனாவதில்லை. நகரத்தின் எந்தப் பகுதியும் அவனுக்குச் சொந்தமில்லை. பிறர் காய்ச்சிய பீரைப் பிறர் சொன்ன கடைகளில் மிரட்டி இறக்கிவைக்கும் ஆள் அவன். கையில் துப்பாக்கி, உடம்பில் விலையுயர்ந்த கோட்டு, வாசலில் கார். அவன் ஏறிய உயரம் அவ்வளவுதான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நாட்டமுள்ள என் அக்கா மகன் இந்தப் படத்தை என்னுடன் பார்த்தான். பாதிப் படம் தாண்டியதும் பொறுமையிழந்து, “மாமா, இவன் எப்போது தலைவன் ஆவான்?” என்று கேட்டான். ஆகமாட்டான் என்றேன். “அப்படியானால் இது என்ன படம்?” என்றான். அன்றிரவு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதன் மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. அதே வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அதே 1931 ஜனவரியில் வெளியிட்ட ‘லிட்டில் சீசர்’ படத்தில் எட்வர்ட் ஜி. ராபின்சன் ஏற்ற ரீக்கோ, தனக்கு மேலே இருப்பவர்களை ஒவ்வொருவராக ஒதுக்கிவிட்டு முன்னேறுகிறான். அடுத்த ஆண்டு ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தில் பால் முனியின் பாத்திரம் முதலாளியை ஒழித்துவிட்டு அவன் இடத்தையும் அவன் காதலியையும் எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்த எண்ணற்ற படங்கள் இந்த இரண்டின் வழியில்தான் நடந்தன. இவற்றுக்கு நடுவே நிற்கும் டாம் பவர்ஸுக்கு முதலாளியின் நாற்காலி மீது ஆசையே கிடையாது. முதலாளியைக் கொன்று அவன் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நொடிகூட அவன் நினைப்பதில்லை. முதலாளி செத்தால் அழுகிறவன் அவன். கண்ணீர் விட்டு அல்ல, தன் வழியில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

படத்தின் மூலக்கதையை எழுதிய ஜான் பிரைட், கூபெக் கிளாஸ்மன் இருவரும் சிகாகோவிலிருந்து வந்தவர்கள். கிளாஸ்மன் மருந்துக்கடைக்காரர். ‘பீரும் இரத்தமும்’ என்ற பெயரில் அவர்கள் எழுதி, அச்சேறாமல் இருந்த நாவலை வார்னர் வாங்கியது. சிகாகோ தெருக்களில் பேசப்பட்ட கதைகள் பல அதில் இருந்தன. பூக்கடையில் வைத்து 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட டீன் ஓ’பானியன், 1926இல் தேவாலயத்துக்கு எதிரே வீழ்ந்த ஹைமி வைஸ், 1923இல் குதிரைச் சவாரியின்போது இறந்த நெயில்ஸ் மார்டன் ஆகியோரின் நிழல்கள் படம் முழுக்கத் தெரிகின்றன. மூவரும் ஒரே கும்பலைச் சேர்ந்தவர்கள், சிகாகோவின் பெரிய கும்பல் தலைவர் அல் கபோனுக்கு எதிரணி.

1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுவதும் மது காய்ச்சுவதும் விற்பதும் குற்றம். அந்தச் சட்டம் 1933 டிசம்பரில்தான் நீங்கியது. ஆகவே கொட்டகையில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்த முதல் ரசிகர்களுக்கு இது பழங்கதை அல்ல. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் அதே கள்ளப் பீரைக் குடிக்கப் போயிருப்பார்கள். அல் கபோன் அப்போது இன்னும் வெளியே இருந்தார். வரி ஏய்ப்பு வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது அந்த ஆண்டு அக்டோபரில். ‘பொது எதிரி’ என்ற பட்டமும் அப்போது சூடாக இருந்தது. 1930 ஏப்ரலில் சிகாகோ குற்றத் தடுப்பு ஆணையம் 28 பேர் கொண்ட பொது எதிரிகளின் பட்டியலை வெளியிட்டது. முதல் பெயர் கபோன். கபோன் இருந்த உயரத்தின் பக்கத்தில்கூட டாம் பவர்ஸ் போனதில்லை. ஆனாலும் படம் அந்தப் பட்டத்தைத் தூக்கி அவன் தலையில் வைக்கிறது. இதைத்தான் நான் இந்தப் படத்தின் பெரிய துணிச்சல் என்று சொல்வேன்.

1909இல் கதை தொடங்குகிறது. கசாப்புக் கூடங்கள், புகைபோக்கிகள், மதுக்கடையிலிருந்து வீடுகளுக்கு வாளிகளில் போகும் பீர். டாமும் நண்பன் மேட்டும் அந்த வாளிகளுக்கு நடுவே திரியும் பையன்கள். டாமின் அப்பா போலீஸ்காரர். படத்தில் அவர் தோன்றுவது மிகச் சில நிமிடங்கள். வாய் திறப்பதில்லை. தோல்வாரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும், கால்சட்டையைக் கழற்றியா கழற்றாமலா என்று கேட்கிறான் சிறுவன். அந்தக் கேள்வியில் பயம் இல்லை, பழக்கம் இருக்கிறது. அடி விழும்போது அவன் அழுவதில்லை. சட்டம் அவன் வாழ்க்கைக்குள் வந்தது ஏறக்குறைய அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு, ஒரு திருட்டில் குறுக்கிட்டுச் சாகும் போலீஸ்காரரைத் தவிர, படத்தில் போலீஸுக்கு வேலையே இல்லை. டாமை எந்தப் போலீஸும் தேடுவதில்லை, எந்த நீதிமன்றமும் விசாரிப்பதில்லை.

அவனுடைய முதல் முதலாளி புட்டி நோஸ். பையன்கள் திருடி வருவதைக் குறைந்த விலைக்கு வாங்குபவன்; பியானோ வாசித்து ஆபாசப் பாட்டுப் பாடி அவர்களைச் சுற்றி வைத்திருப்பவன். 1915 கிறிஸ்துமஸுக்கு அவன் கொடுக்கும் பரிசு துப்பாக்கிகள். தோலாடைக் கிடங்கில் திருடப் போகிறார்கள். இருட்டில் பாடம் செய்த கரடித் தலையைப் பார்த்து மிரண்டு டாம் சுட்டுவிடுகிறான். அந்தச் சத்தத்தால் எல்லாம் கெட்டுப்போகிறது. கூட வந்தவன் சாகிறான், ஒரு போலீஸ்காரரும் சாகிறார். உயிருக்குப் பயந்து ஓடி வந்து கதவைத் தட்டினால், உதவுவதாகச் சொல்லியிருந்த புட்டி நோஸ் ஊரைவிட்டே போய்விட்டான். ஒரு வேலைக்காரன் தன் முதலாளியைப் பற்றிக் கற்கும் முதல் பாடம் இது. டாம் அதை மறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து அவன் பெற்ற முடிவு ‘இனி எவனுக்கும் வேலை செய்யமாட்டேன்’ என்பதல்ல. ‘ஓடிப்போகாத ஒரு முதலாளி வேண்டும்’ என்பது.

அப்படி ஒருவர் கிடைக்கிறார். மதுக்கடை நடத்தும் ரயன். நண்பனை ஏமாற்றாதவர் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். படம் முழுக்க ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்கிறார். டாம் அவரிடம் ஒட்டிக்கொள்கிறான். வீட்டில் பேசாத அப்பாவும், படித்து முன்னேறச் சொல்லும் அண்ணனும் தராத ஒன்றை ரயன் தருகிறார்.

அண்ணன் மைக் பகலில் டிராம் கண்டக்டர், இரவில் பள்ளி மாணவன். அவனைப் பற்றி டாம் ஒரு வரி சொல்கிறான்: “ஏழையாக இருப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருக்கிறான்.” 1929இல் பங்குச்சந்தை சரிந்து, வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்து, நேர்மையாக வேலை பார்த்தவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில் இந்த வரி கொட்டகையில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். படம் தொடங்குமுன் திரையில் ஓடும் அறிவிப்பு, ரவுடிகளைப் புகழ்வது எங்கள் நோக்கமல்ல என்று உறுதி சொல்கிறது. அந்த உறுதியை இந்த ஒரு வரி நிலைகுலைய வைத்துவிடுகிறது. மைக்குக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, படத்துக்கும் தெரியவில்லை.

மதுவிலக்கு அமலுக்கு வருவதற்கு முந்தைய இரவைக் காட்டும் காட்சி ஓரிரு நிமிடம்தான். இயக்குநர் வில்லியம் வெல்மனின் கை எத்தனை உறுதியானது என்று அங்கே தெரிகிறது. முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர் அவர். முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருது பெற்ற ‘விங்ஸ்’ படத்தை இயக்கியவர். அந்த இரவில் ஊரே கடைத்தெருவில் நிற்கிறது. கைக்குழந்தையின் தள்ளுவண்டியில் புட்டிகள் அடுக்கப்படுகின்றன. பூ வியாபாரி வண்டியிலிருந்த பூக்களைத் தெருவில் கொட்டிவிட்டு மதுப்புட்டிகளை ஏற்றுகிறார். நல்ல உடை உடுத்திய குடும்பத்தினர், கெட்ட பழக்கம் ஏதுமில்லாதவர் போன்ற முகங்கள். கேங்ஸ்டர் ஒருவர்கூட அந்தக் காட்சியில் இல்லை. டாமின் தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் யார் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் வெல்மன்.

பிறகு முதல் பெரிய வேலை. அரசுக் கிடங்கில் பூட்டிவைத்த மதுவைக் குழாய் போட்டுப் பெட்ரோல் லாரிக்குள் இறைத்துக்கொண்டு போகிறார்கள். பங்குப் பணம் ரயன் கையிலிருந்து வருகிறது. இந்தப் படத்தில் டாமுக்குப் பணம் எப்போதும் இன்னொருவர் கையிலிருந்துதான் வரும். அதை வைத்து அவன் முதலில் போவது தையற்காரரிடம்.

இந்தச் சமயத்தில்தான் லீமன் என்ற மனிதர் வருகிறார். மதுவிலக்குக்கு முன் முறையாகப் பீர் காய்ச்சி வந்த ஆலையின் உரிமையாளர். கண்ணியமானவர். பீரை மீண்டும் காய்ச்ச வேண்டும், பணம் வர வேண்டும், ஆனால் தன் பெயர் எங்கும் வரக்கூடாது. நெயில்ஸ் நேதன் என்ற கும்பல் தலைவன் அவருடைய பாசாங்கை முகத்துக்கு நேரே கிழிக்கிறான். ஆனாலும் ஒப்பந்தம் நடக்கிறது. லீமன் காய்ச்சுவார், நேதன் நடத்துவான், ரயன் கவனித்துக்கொள்வார், டாமும் மேட்டும் கடை கடையாகப் போவார்கள். ஒரே அறையில் நான்கு படிகள் தெரிகின்றன. டாம் எப்போதும் கடைசிப் படியில் நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. புதிய கோட்டு அவனுக்கு அழகாக இருக்கிறது.

கடைக்காரர் ஒருவர் எதிர்க்கும்பலான ஸ்கீமர் பர்ன்ஸிடம் பீர் வாங்கிவிடுகிறார். டாம் அதை வாயில் ஊற்றித் துப்புகிறான். குழாய்களைத் திறந்துவிடுகிறான், பீர் தரையில் ஓடுகிறது. கடைக்காரரைக் கன்னத்தில் அறைகிறான். டாமாக நடித்த ஜேம்ஸ் கேக்னி இதைச் செய்யும்போது அவர் உடம்பைக் கவனியுங்கள். வோடவில் எனப்படும் பல்சுவை மேடைகளில் நடனமாடி வந்தவர் அவர். கால்விரல் நுனியில் நிற்கிறார், தோள்களைச் சற்று முன்னால் தள்ளிவைக்கிறார், ஒரு கை எப்போதும் எதற்கோ தயாராக இருக்கிறது. உயரம் குறைந்த மனிதர், ஆனால் சட்டகத்தில் அவர் இருக்கும்போது கண் வேறு யாரிடமும் போவதில்லை. இத்தனைக்கும் டாம் பாத்திரம் முதலில் எட்வர்ட் வுட்ஸுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கேக்னி நண்பன் மேட்டாக நடிக்க வந்தவர். சில நாள் படப்பிடிப்பைப் பார்த்ததும் இருவரையும் இடம் மாற்றினார்கள். சிறுவர்களாக நடித்தவர்களை மட்டும் மாற்றவில்லை. அதனால்தான் சிறுவயது மேட் கேக்னியைப் போலவும் சிறுவயது டாம் வுட்ஸைப் போலவும் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் வியப்பாக இருக்கும்.

கேக்னியிடம் ஒரு சைகை உண்டு. கையை மூடி, முஷ்டியால் எதிரே இருப்பவரின் தாடையில் வலிக்காமல் தட்டுவார். தன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். படத்தில் டாம் அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி அது. அம்மாவைக் கொஞ்சும்போது அதே தட்டல், கடைசியில் அண்ணனிடம் சமாதானமாகும்போதும் அதே தட்டல். அடிப்பதற்கும் அணைப்பதற்கும் அவனுக்கு இருப்பது ஒரே முஷ்டி.

அண்ணன் போரிலிருந்து உடைந்துபோய்த் திரும்பி வரும் இரவு விருந்தை நான் இந்தப் படத்தின் நெஞ்சு என்பேன். டாமும் மேட்டும் மேசை நடுவே ஒரு பெரிய பீப்பாயை வைத்துவிடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமானால் தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்க வேண்டும். அம்மா சிரித்துக்கொண்டே பரிமாறுகிறார். மைக் குடிக்க மறுக்கிறான், பேச்சு வற்றிப்போகிறது. திடீரென்று எழுந்து, அந்தப் பீப்பாயில் பீர் மட்டுமில்லை, மனிதர்களின் இரத்தமும் இருக்கிறது என்று கத்திப் பீப்பாயைத் தூக்கி எறிகிறான். டாம் அசையாமல் பதில் சொல்கிறான்: “உன் கை மட்டும் சுத்தமா? ஜெர்மானியர்களின் கையைப் பிடித்துக் குலுக்கியதற்காகவா உனக்கு அந்தப் பதக்கங்களைக் கொடுத்தார்கள்?”

மைக்காக நடித்த டொனால்ட் குக் விறைப்பானவர்; பல காட்சிகளில் அவர் என்னைக் கவரவில்லை. இங்கே அந்த விறைப்பே பொருந்திப்போகிறது. ஒரே வீட்டில் பிறந்த இருவரும் பிறர் சொல்லிக் கொன்றவர்கள். ஒருவன் அரசாங்கத்துக்காகக் கொன்றான், அவன் கையில் பதக்கம். மற்றவன் நேதனுக்காகக் கொல்கிறான், அவன் கையில் பணம். போர்க்களத்தைக் கண்ணால் கண்ட ஓர் இயக்குநர் எடுத்த காட்சி இது என்பதை நான் மறக்கமாட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்த காட்சி ஒன்று இருக்கிறது. காலை உணவின்போது டாம், தன்னுடன் இருக்கும் கிட்டியின் முகத்தில் பாதியாக வெட்டிய கிரேப்ஃப்ரூட் பழத்தை அறைந்து தேய்க்கிறான். கிட்டியாக நடித்த மே கிளார்க்கின் பெயர் அந்தச் சில நொடிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை இன்னமும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. கிட்டி கேட்டது ஒன்றுமில்லை. காலையிலேயே குடிக்க வேண்டாம் என்றாள். வேறு யாரையாவது பிடித்துவிட்டதா என்று கேட்டாள். பணத்துக்கு இன்னொருவர் கையைப் பார்த்து நிற்பவன், தன்னைவிட எளியவர் மேல் எப்படிக் கை வைக்கிறான் என்பதை அந்த நொடிகள் காட்டுகின்றன. படத்தில் பெண்களின் பக்கம் பொதுவாக ஏழ்மையானது. டாமின் காதலி க்வெனாக ஜீன் ஹார்லோ வரும் காட்சிகள் இழுவையாக இருக்கின்றன. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பதைப் போல நிற்கிறார். அம்மாவாக வரும் பெரில் மெர்சரின் அப்பாவித்தனம் சில இடங்களில் அளவு மீறுகிறது. மேட்டின் காதலியாக வரும் ஜோன் ப்ளாண்டெல் மட்டும் தன் சிறிய இடத்தில் உயிரோடு இருக்கிறார்.

இனி, இந்தப் படத்தை நான் காதுக்காகவே திரும்பத் திரும்பப் பார்ப்பதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். வார்னர் 1927இல்தான் திரைக்குப் பேச்சைக் கொண்டுவந்தது. நான்கே ஆண்டுகளில் வெல்மன் புரிந்துகொண்ட ஒன்றைப் பலர் நாற்பது ஆண்டுகள் கழித்தும் புரிந்துகொள்ளவில்லை: ஒலி இருந்தால், காட்ட வேண்டியதில்லை. இந்தப் படத்தின் பெரிய கொலைகளில் பெரும்பாலானவை நம் கண்முன் நடப்பதில்லை.

ஊரைவிட்டு ஓடிய புட்டி நோஸ் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். டாமும் மேட்டும் அவன் வீட்டுக்குப் பின்தொடர்ந்து போகிறார்கள். அவன் கெஞ்சுகிறான், பழைய நாட்களை நினைவுபடுத்தப் பியானோவில் உட்கார்ந்து அந்தப் பழைய ஆபாசப் பாட்டை வாசிக்கத் தொடங்குகிறான். டாம் அவனுக்குப் பின்னால் நிற்கிறான். கேமரா மெல்ல நகர்ந்து அவர்களை விட்டுவிட்டுக் கதவருகில் நிற்கும் மேட்டிடம் வந்துவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம். விரல்கள் பியானோக் கட்டைகள் மேல் ஒழுங்கின்றி விழும் ஓசை. ஓர் உடல் சரியும் ஓசை. நாம் பார்ப்பது மேட்டின் முகத்தை மட்டும். பிறகு டாம் நடந்து வருகிறான், ஒன்றும் நடக்காதவன் போல. க்வெனுக்குத் தொலைபேசியில் பேசப்போவதாகச் சொல்கிறான்.

நெயில்ஸ் நேதன் குதிரையிலிருந்து விழுந்து சாகும்போதும் அப்படித்தான். டாமும் மேட்டும் லாயத்துக்குப் போகிறார்கள், குதிரைக்கு விலை கேட்டுப் பணத்தைக் கொடுக்கிறார்கள், உள்ளே போகிறார்கள், சுடும் சத்தம் கேட்கிறது. முதலாளி செத்ததற்கு டாம் அழும் அழுகை இது. நெயில்ஸ் மார்டன் இறந்தபின் அவருடைய கூட்டாளிகள் குதிரையைக் கொன்றதாகச் சிகாகோவில் ஒரு கதை உலவியது; அது எந்த அளவு உண்மையாக இருந்தாலும், படத்தில் அந்தக் காட்சி அச்சமூட்டும் அளவுக்கு இயல்பாக இருக்கிறது. அரசன் இறந்தால் அடுத்து நான்தான் அரசன் என்று கிளம்புபவன் அல்ல டாம். அவன் குதிரையைப் பழிவாங்கப் போகிறவன்.

நேதன் இல்லாததால் கும்பல் தடுமாறுகிறது. பர்ன்ஸின் ஆட்கள் தாக்குகிறார்கள். மறைவிடத்திலிருந்து டாம் வெளியே வர, மேட் பின்னாலேயே வருகிறான். தெருவில் நிலக்கரி கொட்டும் சத்தத்தை இயந்திரத் துப்பாக்கி என்று நினைத்து இருவரும் பதுங்குகிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள். அடுத்த நொடி உண்மையான துப்பாக்கி எதிர் ஜன்னலிலிருந்து வெடிக்கிறது, மேட் விழுகிறான். டாம் சுவர் மூலைக்குப் பின்னால் ஒதுங்க, மூலைக்கல் சிதறுகிறது. சுவரைச் சிதறடித்தவை உண்மையான தோட்டாக்கள். அன்றைய ஸ்டுடியோக்கள் அப்படித்தான் எடுத்தன. ஒரு காட்சிக்காக ஒரு மனிதரை அப்படி நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதன்பின் வருவது மழை. அடகுக்கடையில், துப்பாக்கியே தெரியாதவன் போல நடித்துக் கடைக்காரரைக் கொண்டே தோட்டா போடவைத்து, அதைக் காட்டியே பறித்துக்கொள்கிறான் டாம். பர்ன்ஸின் இடத்துக்கு எதிரே மழையில் காத்திருக்கிறான். கார்கள் வருகின்றன, ஆட்கள் உள்ளே போகிறார்கள். கேக்னி கேமராவை நோக்கி நடந்து வருகிறார். முகத்தில் ஒரு சிரிப்பு. அதில் மகிழ்ச்சி துளியும் இல்லை. உள்ளே போகிறார். கேமரா வெளியே மழையில் நின்றுவிடுகிறது. குண்டுகள், அலறல், பிறகு மழைச் சத்தம் மட்டும். தள்ளாடி வெளியே வந்து துப்பாக்கிகளை ஜன்னல் கண்ணாடி மேல் எறிகிறான். தெரு ஓரத்துச் சாக்கடை நீரில் கால் இடற நடந்து, முழங்காலில் சரிந்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: “நான் அப்படியொன்றும் பெரிய வீரனில்லை.”

அவன் அங்கேயே செத்திருந்தால் இது சிறந்த கேங்ஸ்டர் படம். சாகவில்லை என்பதால்தான் இது அதற்கும் மேலே போகிறது. மருத்துவமனையில் தலை முழுக்கக் கட்டோடு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறான். வீட்டுக்கு வந்துவிடு என்கிறார் அம்மா. அன்றே பர்ன்ஸின் ஆட்கள் அவனை மருத்துவமனையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். டாமைத் திருப்பிக் கொடுத்தால் தொழிலையே விட்டுவிடுவதாக ரயன் பேரம் பேசுகிறார். வீட்டுக்குத் தொலைபேசி வருகிறது, டாம் வருகிறான் என்று. அம்மா பாடிக்கொண்டே மாடியில் படுக்கையைத் தட்டிப் போடுகிறார். கீழே கிராமபோனில் சோப்புக் குமிழிகளைப் பற்றிய, அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த மெல்லிய பாட்டு ஓடுகிறது. கதவு தட்டப்படுகிறது. மைக் திறக்கிறான். கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்ட டாம் நிலைப்படியில் நிற்கிறான். ஒரு கணம் ஆடி, அப்படியே முகம் குப்புற வீட்டுக்குள் விழுகிறான். மேலே பாட்டு நிற்கவில்லை, அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இசைத்தட்டு முடிந்தபின்னும் ஊசி சுரண்டிக்கொண்டே இருக்கிறது.

அதன் மேல் வந்து விழும் எழுத்து அட்டை, பொது எதிரி என்பது ஒரு மனிதனல்ல, நாம் தீர்க்க வேண்டிய ஒரு பிரச்சினை என்கிறது. தணிக்கைக்குப் பயந்து ஒட்டிய அட்டை என்று பலர் தள்ளிவிடுவார்கள். நான் அதைச் சொல்லுக்குச் சொல் ஏற்றுக்கொண்டு கேட்கிறேன்: சரி, லீமன் எங்கே? ஆலை அவருடையது, பீர் அவருடையது, பெரும்பங்கு இலாபமும் அவருடையதாகத்தான் இருந்திருக்கும். பாதியிலேயே அவர் கதையிலிருந்து நழுவிவிடுகிறார். அவரை யாரும் சுடவில்லை, யாரும் தேடவில்லை. ரயனும் உயிரோடுதான் இருக்கிறார். குப்புற விழுந்து கிடப்பது கூலிக்கு நின்றவன் மட்டும்.

இந்த விஷயம் கேக்னிக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. படம் பெரும் வெற்றி பெற்றபோது அவருடைய சம்பளம் வாரத்துக்குச் சில நூறு டாலர்கள். கூடுதல் சம்பளம் கேட்டார், மறுத்தபோது வேலையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார். வார்னரை நீதிமன்றத்துக்கு இழுத்து 1936இல் வென்றார். நடிகர்களுக்காக 1933இல் அமைந்த திரை நடிகர் சங்கத்துக்கு 1942 முதல் 1944 வரை தலைவராக இருந்தார். டாம் பவர்ஸுக்கு ஒருபோதும் தோன்றாத எண்ணம், அவனாக நடித்தவருக்கு உடனே தோன்றியது.

படத்தைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகியபின், மறுவெளியீட்டுப் பிரதிகளில் சில காட்சிகளை வெட்டிவிட்டார்கள். டிவிடியில் அவை திரும்பச் சேர்க்கப்பட்டன. அந்த முழுப் பிரதியையே பாருங்கள். வெட்டுப்பட்டவற்றில் ஒன்று தையற்காரர் காட்சி. இன்னொன்று மறைவிடக் காட்சி, அது இல்லாவிட்டால் கதையே புரியாது. கும்பல் ஒளிந்திருப்பது ரயனுடன் பழகும் ஜேன் என்ற பெண்ணின் வீட்டில். யாரும் வெளியே போகக்கூடாது என்பதற்காக ஆட்களின் துப்பாக்கிகளையும் பணத்தையும் ரயனே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்றிரவு டாம் போதையில் கிடக்கும்போது ஜேன் அவனை நெருங்குகிறாள். காலையில் என்ன நடந்தது என்பது அவள் பேச்சிலிருந்து தெரியவந்ததும் டாம் அவளை அறைந்துவிட்டு, யார் தடுத்தும் கேளாமல், கையில் ஆயுதமே இல்லாமல் தெருவுக்கு இறங்குகிறான். மேட் அவனைத் தடுக்கத்தான் பின்னால் ஓடுகிறான்.

வெட்டிய பிரதியில் டாம் ஏன் வெளியே போனான் என்பதற்குக் காரணமே இல்லை; வெறும் முன்கோபம் என்று தோன்றும். முழுப் பிரதியில் காரணம் தெளிவாக இருக்கிறது. முதலாளிக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. கொலைக்கும் கொள்ளைக்கும் கூசாதவன் இதற்குக் கூசினான். மேட்டின் சாவு, மழையில் அந்த நடை, கட்டுப்போட்ட உடல், வீட்டு நிலைப்படி எல்லாமே ரயன் மேல் அவன் வைத்திருந்த விசுவாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அக்கா மகனுக்கு அந்த இரவில் நான் சொல்லத் தவறியது இதைத்தான்.